பழைய டிராக்டரின் பி.டி.ஓ: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தொண்டி, வாலிநோக்கம் போன்ற கடலோர ஊர்ப் பக்கம் பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் கிளட்ச்சைச் சோதியுங்கள். ஒற்றைக் கிளட்ச் என்றால் பெடலை மிதித்ததும் பி.டி.ஓ.வும் (பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) நின்றுவிடும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கு அது பெரிய தொல்லை. இரட்டைக் கிளட்ச்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். பாதியிலேயே இரண்டும் நின்றால் கிளட்ச் செட்டிங் தப்பு.

இரட்டைக் கிளட்ச் மாசி (மாசி பெர்குசன்) 35 டிராக்டரில், கருவியைத் தூக்கும் லிப்ட்டின் பம்பும் பி.டி.ஓ. ஓட்டத்திலேயே சுற்றுகிறது. பெடலை முழுக்க மிதித்துக்கொண்டு 'லிப்ட் தூக்கவில்லை' என்று பம்பைக் கழற்றிவிடாதீர்கள். பி.டி.ஓ. லிவரில் மூன்று நிலை: எஞ்சின் வேகம், நியூட்ரல், சக்கர வேகம் (சக்கரம் ஓடுவதற்கேற்பத் தண்டு சுற்றும்). ரோட்டவேட்டருக்கு எஞ்சின் வேகம்தான். சக்கர வேகத்தில் வைத்து ரிவர்ஸ் எடுத்தால் தண்டு எதிர்த்திசையில் சுற்றும், கவனம்.

தண்டு 35 மி.மீ., 6 பல், நிமிடத்துக்கு 540 சுற்று என்பதே பொது அளவு. பல் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உப்புக்காற்று வேறு பல்லைத் தின்னும். வேலை முடிந்ததும் துடைத்து, கிரீஸ் தடவி, மூடியை மாட்டுங்கள்.

கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். மண்ணெண்ணெய் விட்டு அலசுவது போதாது: வடித்து, சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். எஞ்சினை நிறுத்தாமல் தண்டுப் பக்கம் கை போகவே கூடாது.