மூட்டு வலிக்குப் பயந்து நாம் செய்யும் தவறுகள்

போன ஆடி மாதம் ஒரு நாள் அம்மாவின் மாத்திரை டப்பாவை எவர்சில்வர் தட்டில் கொட்டிப் பார்த்தேன். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ஒன்று. இவை போக இன்னும் இரண்டு அட்டை இருந்தன.

"இது எதுக்கும்மா?"

"முட்டி வலிக்கு. எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது."

"அப்ப இது?"

"அதுவும் முட்டிக்குத்தான்டி. தெருமுனை மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன். ஒண்ணு போட்டா வலி கேக்க மாட்டேங்குது."

அட்டையின் பின்புறம் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஒன்று அசெக்ளோஃபினாக், மற்றது டைக்ளோஃபினாக். அட்டையில் பெயர்தான் வேறு, உடம்புக்குள் செய்கிற வேலை ஒன்றேதான். அந்த வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.9 என்று வந்தது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறுகிற கழிவுப்பொருள் அது. அதற்கு முந்தைய வருடம் 1.1.

மூட்டுத் தேய்மானம் உயிரை வாங்குகிற நோயில்லை. ஆனால் அந்த வலிக்குப் பயந்து நாம் செய்கிற காரியங்கள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் இடுப்பெலும்பையும் காவு வாங்கிவிடும். அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்.

வலி மாத்திரை என்ற எளிய வழி

நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவது அதுதான். வயிற்றின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் தடைபடாமல் போக உதவுவதும் அதே பொருள்தான். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்ஸிப் போன்ற மாத்திரைகள் இந்தப் பொருளைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. வலி குறையும்போதே மற்ற இடங்களில் காவலும் குறைந்துவிடுகிறது. முப்பது வயதில் நாலு நாள் போட்டால் உடம்பு தாங்கிக்கொள்ளும். எழுபது வயதில் மாதக்கணக்கில் போட்டால் தாங்காது.

ரத்த அழுத்தத்துக்கு 'பிரில்' என்றோ 'சார்டன்' என்றோ முடியும் மாத்திரை எடுப்பவர்கள், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களாக இருந்தால், மூன்றாவதாக வலி மாத்திரையும் சேரும்போது சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றிய நாளில் இது இன்னும் ஆபத்து.

இன்னொன்றையும் டாக்டர் எனக்கு விளக்கினார். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அம்மாவுக்குக் கால் வீங்கியது அதனாலேயே இருக்கலாம். அந்த வீக்கத்துக்குத்தான் நீர் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாத்திரை செய்ததைச் சரிசெய்ய இன்னொரு மாத்திரை. வீட்டில் வயதானவர்களுக்குப் புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும், கடைசியாக எந்த மாத்திரை சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் டப்பாவை முழுசாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லும்போது கடையில் வாங்கிய மாத்திரை எப்போதும் விட்டுப்போகும்.

முழங்காலுக்கு மட்டும் வலி என்றால் மேலே தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல்லையே பல மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் சொல்கின்றன. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு இவ்வளவு கெடுதல் செய்யாது, ஆனால் அதற்கும் அளவு உண்டு. நம் ஊரில் விற்கும் பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. அது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக இன்னொன்று போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அதை நாமே முடிவு செய்யக் கூடாது.

மாத்திரைக்குப் பயந்து பெயரில்லாத பொடிக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். மூன்றே நாளில் வலி பறந்தது, பசி எடுக்கிறது, முகம் பூரித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா சந்தோஷமாகச் சொல்வார். அந்தப் பூரிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும். லேபிள் இல்லாமல் விற்கும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும், தோல் காகிதம்போல் மெலிந்து லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும். விஷயம் தெரிந்து பதறிப்போய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிப் படிப்படியாகத்தான் விட வேண்டும். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அதில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, பதிவு பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

"தேஞ்சுபோச்சு, நடக்காதே"

வீட்டில் பாசத்தோடு சொல்கிற இந்த வார்த்தை போல முழங்காலைக் கெடுப்பது வேறில்லை. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது அது பஞ்சு மாதிரி அமுங்குகிறது, எடுக்கும்போது விரிந்து சுற்றியிருக்கும் மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவுதான் அதற்குச் சாப்பாடு. நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர், காபி எல்லாம் கையில் கொடுத்தால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும், தொடைத் தசை வற்றும், தசை வற்றினால் பாரம் முழுவதும் மூட்டின் மேல் விழும்.

அம்மாவுக்குப் பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுத்த பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, முழங்காலால் அதைக் கீழே அழுத்த வேண்டும். தொடையின் முன்பக்கம் கல்லாக இறுகும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. முதல் வாரம் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தார். ஆறாவது வாரம் கைப்பிடியை அழுத்தாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். பயிற்சி முடிந்ததும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட்டால் செய்தது சரியான அளவு. வரவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது.

எடையைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், கணக்கை யாரும் சொல்வதில்லை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் அரிசி மூட்டை ஒன்றை இறக்கி வைத்த மாதிரி.

பிசியோதெரபிக்குப் பணமில்லை, அழைத்துப்போக ஆளில்லை என்பவர்களுக்காக ஒன்று. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது.

தண்ணீரும் கழிவறையும்

யாரும் வெளியில் பேசாத தவறு இது. முட்டி மடக்க முடியாதவர்களுக்குப் பாத்ரூம் போவதே தண்டனை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், பெண்கள் முக்கியமாக. ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் கும்பகோணம் போனபோது அம்மா காலையிலிருந்து மதியம்வரை அரை டம்ளர் காபிக்கு மேல் எதுவும் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "மண்டபத்துல இந்தியன் டாய்லெட்டாத்தான் இருக்கும், யாரு உக்காந்து எழுந்திருக்கறது" என்றார். சிறுநீரகத்தை வலி மாத்திரை ஒரு பக்கம் வாட்ட, தாகத்தை அடக்கியது மறுபக்கம் வாட்டியிருக்கிறது. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் திடீரென்று பேச்சு குழம்பலாம். அதைப் பார்த்து வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம்.

மேலைநாட்டுக் கழிவறை கட்ட வசதி இல்லையென்றால், நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி கிடைக்கிறது, அதை இந்தியக் கழிவறை மேலேயே போட்டுக்கொள்ளலாம். சுவரில் கைப்பிடி பதியுங்கள். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழுந்தால் அது ஒரு நாள் கையோடு வந்துவிடும். ஈரத்தரை, கால்மிதி, இரவில் விளக்குப் போடாமல் நடப்பது, தூக்க மாத்திரை போட்டுவிட்டு நடுராத்திரி எழுவது ஆகியவற்றில் எதுவும் கீழே தள்ளும். எலும்பு தேய்ந்த வயதில் ஒரு சறுக்கல் போதும், இடுப்புப் பக்கம் தொடையெலும்பு முறிய. எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள், தலைசுற்றல் தெரிந்துவிடும். தண்ணீரில் ஒரு எச்சரிக்கை: இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் டாக்டர் சொன்ன அளவைத்தான் குடிக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் தோல் வெந்தாலும் தெரியாது.

எல்லா மூட்டு வலியும் தேய்மானமில்லை

காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணிக்குள் விட்டுப்போனால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியவில்லை, இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் ஒரே மாதிரி வீங்குகின்றன என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் அது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு வருடம் போக்கினால் கோணியது கோணியதுதான். நடுராத்திரி கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், மூட்டில் யூரிக் அமிலம் படிந்து வரும் வாதமாக இருக்கலாம். ஒரே மூட்டு சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அதற்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. முழங்காலில் எதுவுமே இல்லாமல் இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவதும் உண்டு.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தினம் மாத்திரை போட்டே பழகிய முதியவர்கள் இதையும் தினம் போட்டுவிடுகிறார்கள். ரத்த அணுக்கள் சரிந்து, வாயெல்லாம் புண்ணாகி, உயிரே போகலாம். இந்த மாத்திரை வீட்டில் இருந்தால் அட்டை மேல் கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், தினசரி டப்பாவில் சேர்க்காதீர்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலமும் அப்படியே. பெரும்பாலும் வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்குத்தான். தினம் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி அது தனி நோயாகிவிடும்.

முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. குளுக்கோசமைன் மாத்திரையும் வளர்ப்பதாக நிரூபணமில்லை. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019 வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. மாதாமாதம் அதற்குப் போகும் காசில் நல்ல செருப்பு வாங்கலாம்.

கைத்தடியும் கத்தியும்

கைத்தடி பிடித்தால் கிழவி ஆகிவிட்டோம் என்ற கூச்சம் அம்மாவுக்கு இருந்தது. வாங்கிக் கொடுத்தபின் வலிக்கிற வலது பக்கமே பிடித்தார். எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறோம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, வலிக்கிற காலோடு சேர்ந்து தடியும் முன்னால் போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்தால் மாற்ற வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

தேய்ந்த மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் 180 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு ஆபரேஷன் நடந்ததாக நம்பவைத்தார்கள். இரண்டு வருடம் கழித்தும், உண்மையில் கழுவிச் சுரண்டப்பட்டவர்கள் இவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. வெறும் தேய்மானத்துக்கு இதை யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.

மூட்டு மாற்று அறுவை அப்படியில்லை. மாற்றிய முழங்கால்களில் பத்துக்கு எட்டு, 25 வருடம் உழைக்கின்றன. ஆனாலும் எல்லாருக்கும் முழுத் திருப்தி கிடைப்பதில்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவுடன் தேதி குறிப்பது தவறு, ஏனென்றால் படத்துக்கும் வலிக்கும் பல நேரம் சம்பந்தமிருக்காது. கால் வில்லாக வளைந்து, ராத்திரித் தூக்கம் கெட்டு, வாசல்வரைகூட நடக்க முடியாமல் போனபிறகும் பயந்து தள்ளிப்போடுவது அதற்கு நேரெதிர்த் தவறு. அதற்குள் தொடைத் தசை முழுவதும் வற்றியிருக்கும், புது மூட்டைத் தாங்க ஆளிருக்காது. செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்ட்டில் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பில்லில் மூட்டுக்கான விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மா இன்னும் அறுவைக்குப் போகவில்லை. இரண்டு வலி மாத்திரையும் டாக்டர் சொல்லி நின்றுவிட்டன, கடைசியாகப் பார்த்தபோது கிரியேட்டினின் 1.3. வலி அடியோடு போய்விடவில்லை. மழை நாளில் ஜெல்லைத் தடவிக்கொண்டு, துண்டைச் சுருட்டி வைத்து எண்ண ஆரம்பிக்கிறார்.