ட்ரங்க்ல 'ஆட்' விட்டா பைக் எடுக்கணும்

ராத்திரி பதினொன்றரை இருக்கும், பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஒயிட்ஃபீல்டு பில்டிங் நெட்வொர்க் ஸ்விட்ச்சுல கேமராவுக்காக விலான் 40 சேக்கணும் (விலான்னா ஒரே நெட்வொர்க்க நம்பர் குடுத்து தனித்தனியா பிரிக்கறது), ட்ரங்க்ல, அதாவது பல விலானும் ஒன்னா போற இணைப்புல, ஏற்கனவே 10, 20, 30 ஓடிக்கிட்டு இருக்கு. நான் பாட்டுக்கு 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் 40'னு அடிச்சு என்டர் தட்டினேன், ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு. நடுவுல 'ஆட்'னு ஒரு வார்த்தை வரணும், விட்டுட்டேன். அது இல்லைனா சிஸ்கோ ஸ்விட்ச் பழைய லிஸ்ட்டோட 40ஐ சேக்காது, பழசை மொத்தமா தூக்கி கடாசிட்டு 40ஐ மட்டும் வச்சுக்கும். நான் உள்ள நுழைஞ்சிருந்ததே விலான் 10 வழியாதான், அதுவும் போச்சு. நுனிக்கிளையில உக்காந்து அடிக்கிளைய வெட்டுன கதை.

சேவ் பண்ணல, அதனால யாராவது பவர் கார்டை புடுங்கி சொருகினா பழைய கான்ஃபிக், அதாவது செட்டிங், வந்துடும். செக்யூரிட்டி தாத்தாவுக்கு போன் போட்டா அவர் கன்னடத்துல ஏதோ கேக்கறாரு, என் கன்னடம் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' தாண்டாது, அப்புறம்தான் ஞாபகம் வருது, சர்வர் ரூம் சாவியே என் பேக்லதான் இருக்கு. சில்க் போர்டு, பெல்லந்தூர், மாரத்தஹள்ளினு பைக்ல போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு வந்தேன்.

அன்னைலருந்து தூரத்துல இருக்கற ஸ்விட்ச்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஓடற கான்ஃபிக்க சேவ் பண்ணிட்டு 'ரீலோட் இன் 10' அடிச்சுடுவேன். நான் மாட்டிக்கிட்டாலும் பத்து நிமிஷத்துல அதுவே ரீபூட் ஆகி பழைய நிலைக்கு வந்துடும். எல்லாம் சரியா இருந்தா 'ரீலோட் கேன்சல்', அதுக்கப்புறம்தான் சேவ்.

அடுத்தது நேட்டிவ் விலான், இதுல விழாதவங்க கம்மி. ட்ரங்க்ல போற ஒவ்வொரு ஃப்ரேம்லயும், அதாவது டேட்டா பொட்டலத்துலயும், எந்த விலான்னு சொல்ல 802.1க்யூங்கற ஸ்டாண்டர்டு படி 4 பைட் டேக் ஒட்டும், அதுல விலான் நம்பருக்கு 12 பிட், அதான் 1லருந்து 4094 வரைக்கும் வச்சுக்கலாம். நேட்டிவ் விலான் மட்டும் டேக் இல்லாம போகும். இந்தப் பக்கம் நேட்டிவ் 1, அந்தப் பக்கம் 99னு வச்சுட்டீங்கன்னா இங்க 1ல கெளம்புன ஃப்ரேம் அங்க போய் 99ல எறங்கும். எங்க டீம்ல ஒரு தர்மபுரி தம்பி சைட்லருந்து போன் பண்ணி "அண்ணா, லைட் பச்சைதான் எரியுது, ஐபியும் கெடைக்குது, ஆனா நம்ம ஐபி இல்லண்ணா"னான். பக்கத்து விலான்ல அட்ரஸ் பிரிச்சுக் குடுக்கற டிஹெச்சிபி சர்வர் குடுத்த ஐபி அது. ரெண்டு பக்கமும் சிஸ்கோன்னா பக்கத்து ஸ்விட்ச்ச கண்டுபிடிக்கற சிஸ்கோ ப்ரோட்டோகால் சிடிபி, லாக் மெசேஜ்ல கத்தும், லூப் வராம தடுக்கற ஸ்பானிங் ட்ரீயும் அந்த விலானை ப்ளாக் பண்ணும். ஒரு பக்கம் வேற கம்பெனின்னா பெரும்பாலும் ஒருத்தரும் கத்த மாட்டாங்க, நீங்களேதான் பாத்துக்கணும். லாக் தொல்லை தாங்கலன்னு சிடிபியையே ஆஃப் பண்ணி வச்ச புண்ணியவானையும் பாத்திருக்கேன், மெசேஜ் நின்னுச்சு, மிஸ்மேட்ச் அப்படியே கெடந்துச்சு.

போர்ட் மோடை டைனமிக் ஆட்டோலயே (எதிர்ப்பக்கம் கேட்டா மட்டும் ட்ரங்க் ஆகற மோட்) விட்டுட்டு தானா ட்ரங்க் ஆயிடும்னு நம்பாதீங்க. ரெண்டு பக்கமும் ஆட்டோன்னா ரெண்டு சம்மந்தியும் அவங்க மொதல்ல பேசட்டும்னு உக்காந்திருக்கற மாதிரிதான், கடைசில ஒரே விலானுக்கான ஆக்ஸஸ் போர்ட்டாவே நின்னுடும். ரெண்டு பக்கமும் 'மோட் ட்ரங்க்' போட்டு பேச்சுவார்த்தையே வேணாம்னு நோநெகோஷியேட்டும் போட்டுடுங்க. பழைய சிஸ்கோ மாடல் 3560, 3750ல 'மோட் ட்ரங்க்' அடிச்சா ரிஜெக்ட் பண்ணும், பயப்பட வேணாம், மொதல்ல எந்த டேக் முறைன்னு சொல்ற 'என்கேப்சுலேஷன் டாட்1க்யூ' குடுக்கணும். 2960ல அந்த கமாண்டே கெடையாது, தேடாதீங்க.

அலவ்டு லிஸ்ட்ல 40 இருக்கு, ஆனாலும் போகலயா, அந்த ஸ்விட்ச்ல விலான் 40ஐ கிரியேட் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க. 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்' அடிச்சா நாலு பகுதியா வரும், எல்லாரும் அலவ்டு லிஸ்ட் இருக்கற ரெண்டாவதோட நிறுத்திடறாங்க. ரெண்டாவதுல இருந்து மூணாவதுல இல்லன்னா பெரும்பாலும் விலானே கிரியேட் ஆகல, மூணாவதுல இருந்து நாலாவதுல இல்லன்னா ஸ்பானிங் ட்ரீ ப்ளாக் பண்ணிருக்கு, இல்ல ப்ரூன் ஆகியிருக்கு, அதாவது அந்தப் பக்கம் தேவையில்லன்னு ஸ்விட்ச்சே வெட்டி விட்டிருக்கு. பல போர்ட்ட ஒன்னா கட்டுன போர்ட் சேனல்னா மாத்தறத சேனல் இன்டர்ஃபேஸ்ல மாத்துங்க, தனித்தனி போர்ட்ல மாத்தினா அலவ்டு லிஸ்ட் ஒத்துப்போகாம போர்ட் சஸ்பெண்ட் ஆகும்.

இன்னொன்னு, பழைய ஹெச்பி ஸ்விட்ச்ல 'ட்ரங்க்'னா அர்த்தமே வேற, ரெண்டு மூணு கேபிளை ஒன்னா கட்டறதத்தான் அப்படி சொல்வாங்க, நாம சொல்ற ட்ரங்க் அங்க டேக்டு போர்ட். போன்ல "ட்ரங்க் போடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுடாதீங்க, எந்தெந்த விலான் டேக்டு, எது அன்டேக்டுனு நம்பரோட சொல்லுங்க.

எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோடு பக்கம் போனா, ஸ்விட்ச்ல நேரடியா சொருகி உள்ள நுழையற ஒரு கன்சோல் கேபிளும் வாங்கி பேக்ல போட்டுக்கங்க, அன்னிக்கி என்கிட்ட அதுவும் இல்ல.

அந்த 'ரீலோட் இன் 10' பழக்கத்த தர்மபுரி தம்பிக்கும் சொல்லிக் குடுத்தேன். ஒழுங்கா 'ஆட்' போட்டான், டெஸ்ட் பண்ணான், சேவும் பண்ணான், சந்தோஷத்துல கேன்சல் பண்ண மறந்துட்டு டீ குடிக்க எறங்கிட்டான். டீ கைக்கு வர்றதுக்குள்ள மூணாவது மாடி மொத்தமும் டவுன்.