முற்றத்தில் ஒரு வான் ஆய்வகம்: தகரத்துண்டு, நூல், ஈயக்குண்டு

வான் ஆய்வகம் என்றதும் எல்லாருக்கும் பெரிய தொலைநோக்கிதான் நினைவுக்கு வரும். மத்திய ஆசியாவின் சமர்கந்தில் 15ஆம் நூற்றாண்டில் உலுக் பெக் என்ற அரசர் கட்டிய ஆய்வகத்தில் கண்ணாடி வில்லையே கிடையாது. சுமார் 40 மீற்றர் ஆரை கொண்ட கல் வளைவில், துளைவழி விழுந்த வெயில் பொட்டை வைத்தே சூரியனின் உயரத்தை அளந்தார்கள். ஒரு பொருள் வானத்தில் எத்தனை பாகை உயரத்தில், எத்தனை மணிக்கு நின்றது என்பதுதான் ஆய்வகத்தின் அடிப்படைக் கேள்வி. அதை வன்னியில் ஒரு சீமெந்து முற்றத்தில் கேட்டுப் பார்க்கலாம், செலவும் பெரிதாக இல்லை.

பால்மா டின் மூடியில் ஆணியால் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். மூடியை நிலத்திலிருந்து சரியாக 1 மீற்றர் உயரத்தில், கிடையாக, ஒரு வாங்கின் ஓரத்திலோ மரச்சட்டத்திலோ ஆணியடித்து நிறுத்துங்கள். சட்டம் செங்குத்தாக இருக்கிறதா என்று மினக்கெட வேண்டாம், துளைக்குள்ளால் நூலில் ஈயக்குண்டைத் தொங்கவிட்டால் அது காட்டும் இடம்தான் நடு. சோளகம் அடிக்கும் மாதங்களில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் குண்டை மூழ்கவிட்டால் அடங்கிவிடும், பழைய ஆய்வகங்களிலும் இதே வித்தைதான். நடுவைக் குறித்தபின் நூலை எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: துளைவழியாக யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது, நிலத்தில் விழும் பொட்டை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

அந்த நடுவிலிருந்து 60 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் கீறுங்கள். சித்திரை மாதத்தில் என்றால் காலை பத்து மணிபோல் பொட்டு மேற்குப் பக்கமாக வட்டத்தைத் தொடும், பிற்பகல் இரண்டு மணிபோல் கிழக்கே தொட்டு வெளியேறும். இரண்டு இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக நடுவழியே கீறுவது வடக்குத் தெற்கு. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தில் 12 அங்குலச் சங்கு, அதாவது நிழல் பார்க்கும் கோல், நட்டுச் செய்யச் சொல்வதும் இதுதான். கைத்தொலைபேசித் திசைகாட்டியை நான் நம்புவதில்லை, பக்கத்தில் ஒரு இரும்புக் கதவு இருந்தாலே அது திசைமாறிவிடும்.

அப்புறம் நடுப்பகல். பொட்டு வடக்குத் தெற்குக் கோட்டைக் கடப்பதைப் பாருங்கள். பொட்டு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம் அகலமாக இருக்கும், நிமிடத்துக்கு 4 மில்லிமீற்றர் அளவில் நகரும், ஆகவே முழுதும் கடக்க ஏறத்தாழ மூன்று நிமிடம் எடுக்கும். முன்விளிம்பு தொட்ட நேரத்தையும் பின்விளிம்பு விலகிய நேரத்தையும் எழுதி நடுவை எடுத்தால் அதுதான் உங்கள் ஊர் உச்சிப்பொழுது. கிளிநொச்சியில் ஏப்ரல் நடுப்பகுதியில் அது 12 மணி 8 நிமிடம் அளவில் வரும். நம் மணிக்கூடு 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது, கிளிநொச்சியோ 80.4இல் இருக்கிறது, பாகைக்கு 4 நிமிடம் வீதம் பிந்துகிறது. சென்னை வான் ஆய்வகத்தில் 1792இல் கருங்கல் தூணொன்றின் மேல் பொருத்திய கருவியும் இதையே விண்மீன்களுக்குச் செய்தது: வடக்குத் தெற்காக மட்டுமே அசையக்கூடிய ஒரு தொலைநோக்கி, நடுவில் மெல்லிய கம்பி, பக்கத்தில் நல்ல மணிக்கூடு. அந்தத் தூணில் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 14ஐ ஒட்டி, புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு முன் முற்றத்துக்கு வாருங்கள். கிளிநொச்சியில் அன்று உச்சிப்பொழுதில் பொட்டு நடுப்புள்ளியிலேயே வந்து உட்காரும். ஓகஸ்ட் 28ஐ ஒட்டியும் இப்படி நடக்கும்.

இரவு வேலைக்குப் பாகைமானி போதும். அதன் நேர்விளிம்பில் வெறும் பேனைக் குழாயை ஒட்டி, நடுவில் நூலும் குண்டும் கட்டி, குழாய்வழியே துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். நூல் 90இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுதான் உயரம், கிட்டத்தட்ட உங்கள் அகலக்கோடும் அதுதான். நமக்கு அது ஒன்பது பாகை சொச்சம் மட்டுமே, பனை வடலி மறைத்துவிடும் உயரம். இரணைமடுக் குளக்கட்டு நல்ல இடம், வடக்கே வயல்வெளிதான். யானை நடமாட்டம் உள்ள குளக்கட்டு என்றால் தனியாகப் போகாதீர்கள். ஜெய்ப்பூரின் 27 மீற்றர் உயரச் சூரியக் கடிகாரத்தின் சாய்வு 27 பாகை, அவ்வூர் அகலக்கோடு அது. கிளிநொச்சியில் கட்டினால் ஒன்பது பாகைதான், பிள்ளைகள் சறுக்கி விளையாடக்கூட உதவாது.

இன்றைய ஆய்வகங்களில் தொலைநோக்கி ஒளியைச் சேர்த்துக் கொடுக்கிறது, அளக்கிற வேலை அதன் பின்னால் பொருத்திய கருவிகளுடையது. கமரா ஒளியை எண்ணுகிறது, நிறமாலைமானி அதை நிறம் நிறமாகப் பிரிக்கிறது. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1909இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் சூரியக் கறைகளிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டது நிறமாலையில்தான். இலங்கையில் பார்க்க வேண்டுமென்றால் மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது, ஜப்பான் கொடுத்தது.

கடைசியாக ஒன்று, பூமியின் சுற்றளவை அளப்பது. இதற்கு வவுனியாவில் ஒரு ஆள் வேண்டும். அவரும் அதே உயரத்தில் மூடியைப் பொருத்தி, கிளிநொச்சியில் பொட்டு நடுவில் விழும் அதே நாளில் அளந்தால், அவருடைய பொட்டு நடுவிலிருந்து தெற்கே 11 மில்லிமீற்றர் தள்ளி விழும். 1 மீற்றர் உயரத்துக்கு அது 0.63 பாகை, பூமியின் வளைவில் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட கோணம் அதுதான். இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக நேர்த்தூரம் 70 கிலோமீற்றர், ஏ9 வீதித் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள். 70ஐ 360ஆல் பெருக்கி 0.63ஆல் பிரித்தால் 40,000 கிலோமீற்றர், பூமியின் சுற்றளவு. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் விடை பத்தில் ஒரு பங்கு ஓடிவிடும், அதனால் இருவருமே மூடியை 2 மீற்றர் உயரத்துக்கு ஏற்றிக்கொள்வது நல்லது.