குளம் பச்சையாகிவிட்டதா? தண்ணீரைக் கொட்டாமலே பாசியைக் குறைக்கலாம்

தோட்டத்துக் குளம் ஒரு வாரத்தில் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டால், பலரும் மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். சில நாள் தெளிவாக இருக்கும். பிறகு மறுபடியும் பச்சை. மீன் கழிவைச் செரித்துக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாக்களும் அந்தக் கழுவலில் போய்விடுவதுதான் காரணம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாசிக்கு வெயிலும் சத்தும் வேண்டும். மீன் கழிவு, மிஞ்சிய தீனி, அழுகும் இலை, தோட்டத்திலிருந்து மழையில் அடித்துவரும் உரம், இவற்றிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் அதற்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை நிறுத்துவதுதான் நம் வேலை.

1. எந்தப் பாசி என்று பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு, ஓரிடத்தில் ஆடாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் பழுப்பாக அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது வெறும் வண்டல். அப்படியே பச்சையாக நின்றால், தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. கல்லிலும் செடியிலும் முடிக்கற்றையாகத் தொங்கினால் நூல்பாசி. கல்லின் மேல் வெல்வெட்டு போலக் குட்டையாக ஒட்டியிருக்கும் பச்சையை மட்டும் விட்டுவிடுங்கள். அது மீனுக்கும் நத்தைக்கும் மேய்ச்சல், தண்ணீரிலிருந்து சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

நீலப்பச்சையாக, பெயிண்ட் கொட்டினது மாதிரி ஏடு படிந்து நாற்றமும் அடித்தால் கை வைக்காதீர்கள். அது சயனோபாக்டீரியாவாக இருக்கலாம். அதில் சில வகைகள் நஞ்சு உண்டாக்கும். அந்தத் தண்ணீரை நாய் குடிக்காமலும், குழந்தைகள் இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. நூல்பாசியைக் கையால் எடுங்கள்

இதற்கு மருந்தைவிடக் கைவேலையே மேல். சொரசொரப்பான ஒரு குச்சியைப் பாசிக்குள் விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். நூல் சுற்றிக்கொண்டே வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து துண்டுகளாகிவிடும், அந்தத் துண்டுகள் மறுபடி வளரும். மெதுவாகச் சுற்றி, கனம் ஏறியதும் தூக்குங்கள். தூக்கிய பாசியைக் குளத்துக்கரையில் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். அதில் சிக்கிய பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்ப அது உதவும். பிறகு செடிக்கு உரக்குழியில் போடலாம். பாசி உறிஞ்சி வைத்திருந்த சத்து அதோடு குளத்தைவிட்டே வெளியேறுகிறது என்பதுதான் இந்த வேலையின் பெரிய லாபம்.

3. அடிச் சேற்றையும் இலையையும் அகற்றுங்கள்

வலையால் இலைகளை அள்ளுங்கள். அடிச் சேற்றை ஒரே நாளில் கலக்கிவிடாமல், இன்று ஒரு மூலை, அடுத்த வாரம் இன்னொரு மூலை என்று எடுங்கள். மொத்தமாகக் கலக்கினால் ஆக்சிஜன் குறைந்து மீன் திணறும்.

4. தீனியைக் குறையுங்கள்

புதிதாகக் குளம் வைத்தவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மீன் ஓடிவருகிறதே என்று அள்ளிப் போடுகிறோம். அது பசியாக இல்லாவிட்டாலும் ஓடிவரும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். மிஞ்சியதை உடனே வலையால் எடுத்துவிடுங்கள்.

5. நிழல் கொடுங்கள்

நீர்ப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் இலை மூடியிருக்க வேண்டும். அல்லி இதற்கு அருமையான செடி. தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசி (பெயரில் பாசி இருந்தாலும் அது செடிதான்) நிழல் தருவதோடு, சத்தையும் பாசியிடமிருந்து பறித்துக்கொள்ளும். ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை இரண்டும் இதே வேலையை வேகமாகச் செய்யும், ஆனால் வேகமாகப் பரவவும் செய்யும். அவற்றை வாராவாரம் அள்ளிக் குறைத்தாக வேண்டும், வாய்க்காலிலோ ஏரியிலோ ஒருபோதும் வீசக் கூடாது.

6. மோட்டாரும் ஃபில்டரும்

மீன் இருந்தால் ஃபில்டர் அவசியம். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழம் என்றால் 3600 லிட்டர். அவ்வளவு தண்ணீரும் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய்வரும்படி மோட்டார் வாங்குங்கள். இரவிலும் ஓடட்டும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

ஃபில்டருக்குள் குடியேறும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை தண்ணீர் கலங்கலாக இருந்தால் பதறாதீர்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஒரு வாளி குளத்துத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

நுண்பாசி மட்டும் விடாமல் தொல்லை தந்தால் யு.வி. (புறஊதா) விளக்கு பொருத்தலாம். நூல்பாசியை அது ஒன்றும் செய்யாது.

7. தண்ணீர் மாற்றும் முறை

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்தை முதலில் கலந்துவிடுங்கள். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரைச் சும்மா வெயிலில் வைத்தால் அது போகாது.

மருந்து போடலாமா?

நான் போடச் சொல்ல மாட்டேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பாசி சாகும், நத்தையும் சாகும், மீனுக்கும் ஆபத்து. அப்படிச் செத்த பாசி மொத்தமாக அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் குடித்துவிடும். அழுகியதிலிருந்து வெளிவரும் சத்து அடுத்த பாசிக்கு உரமாகும்.

இத்தனையும் செய்து, ஃபில்டர் பழகிய பிறகும் பச்சை குறையவில்லையென்றால் மீன்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். வாங்கும்போது விரல் நீளம் இருந்த கோய் என்ற வண்ண மீன், சில வருடத்தில் முழங்கை நீளம் ஆகிவிடும். அதன் கழிவும் அதற்கேற்பப் பெருகும். சின்னக் குளத்துக்கு இரண்டே பெரிய மீன்கூட அதிகமாக இருக்கலாம். மீதியைப் பெரிய குளம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.