வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றி வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி

"இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டால், நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சொல்லி, "நன்றாக இருக்கிறது" என்பதோடு நம்மில் பலர் முடித்துவிடுகிறோம். அந்த நூல் தமக்கு ஒத்துவருமா என்பது கேட்டவருக்குத் தெரியாமலே போகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்கிறது. இந்த இரண்டு விதிகளும் நிறைவேற நூலகர் ஒருவரின் உழைப்பு மட்டும் போதாது. சக வாசகர் வாயால் கேட்டு எடுத்த நூல்களே என் அலமாரியில் மிகுதி.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அதற்குமேல் ஆள் சேர்ந்தால் இரண்டு வட்டமாகப் பிரிந்து உட்காருவது நல்லது. ஒருவருக்கு ஐந்து நிமிடம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்னும் நான்காவது விதி பேசுகிறவருக்கும் பொருந்தும்.

பேச வருகிறவர் நூலைக் கையோடு கொண்டுவர வேண்டும். முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. பாதியில் இருப்பவரின் பேச்சையே நான் மிகவும் விரும்புகிறேன். முடித்தவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். பாதியில் இருப்பவரோ தம்மைப் பிடித்திழுப்பது எது, தடுக்குவது எது என்று அந்தச் சூடு ஆறாமல் சொல்கிறார். ஆகவே முதலில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதையும், அந்த நூல் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, வட்டத்தில் நிதானமாகப் படியுங்கள். நடை எப்படிப்பட்டது என்பதை அந்த அரை நிமிடம் காட்டிவிடும்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் முதல்முறை வந்தபோது, "எனக்குப் பேச வராதுங்க" என்று தயங்கினார். கையில் கிணறு வெட்டுவதைப் பற்றிய மெலிந்த நூல். பழைய பயணச்சீட்டு ஒன்றை அடையாளமாக வைத்திருந்தார். பாறை தட்டுப்படும் இடத்தில் ஓசை மாறுவதைச் சொல்லும் பத்தியை மட்டும் படித்துவிட்டு, "எங்கப்பாவும் இதையேதான் சொல்லுவார்" என்று கூறி உட்கார்ந்தார். அன்று மாலையே அந்த நூலை மூன்று பேர் கேட்டார்கள்.

வாசிப்பு ருசியைச் சொல்வது இதைவிடக் கடினம். "நாவல் பிடிக்கும், கவிதை பிடிக்காது" என்பதிலிருந்து எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. ஆகையால் புதியவரிடம் நாங்கள் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம்: இரண்டாம் முறை வாசித்த நூல் எது, நூலகத்தில் எடுத்து வாசித்த பிறகும் காசு கொடுத்து வாங்கிய நூல் எது, பாதியில் மூடிவைத்த நூல் எது, ஏன். மூன்றாவதுக்குத்தான் உண்மையான பதில் கிடைக்கிறது. வட்டார வழக்கு புரியாமல் மூடினாரா, துயரம் தாங்காமல் மூடினாரா, எழுத்து பொடியாக இருந்ததால் மூடினாரா என்பது தெரிந்தால், அடுத்து அவருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். கடைசிக் காரணத்தை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் நல்ல நூல்களைக் கைவிட அதுவே காரணமாகப் பலமுறை இருந்திருக்கிறது.

கேட்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "அதையெல்லாம் நான் கல்லூரியிலேயே வாசித்துவிட்டேன்" என்று குறுக்கிடுவதும், முடிவைப் போட்டு உடைப்பதும் கூடாது. துப்பறியும் கதை வாசிக்கிறவரைப் பார்த்து யாரேனும் முகம் சுளித்தால், அடுத்த மாதம் அவர் வரமாட்டார். அப்படி ஒருவரை நாங்கள் இழந்திருக்கிறோம். இன்றும் எனக்கு அது வருத்தமே.

நூலகர் மேசையில் நீளமான கோடு போட்ட குறிப்பேடு ஒன்றை வைத்துவிடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், முதுகில் ஒட்டியுள்ள எண், பேசியவர் நின்ற பக்கம் ஆகிய ஐந்தும் போதும். அவற்றை அடுத்து ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும்; அடுத்து அந்த நூலை எடுக்கிறவர் தாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அதில் எழுதுவார்.