பாட்டியும் அத்தையும் ஒருத்தியே

தலசீமியா, அதாவது பெற்றோர் வழியாக வரும் ரத்தசோகை நோய், இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுப்பதற்கு முன்னால், குடும்ப மரம் வரைய ஒரு முழுத்தாளும் பென்சிலும் எடுங்கள். பேனா வேண்டாம். அரூர்ப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது தலசீமியா குடும்பங்களுக்காக நான் வரைந்த தாள்களில் அழித்து எழுதாதது ஒன்றுகூட இல்லை.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுள்ளவரை முழுதாகக் கறுப்பாக்குங்கள், நோயில்லாமல் மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவரைப் பாதி. இறந்தவர்மேல் சாய்கோடு. தம்பதிக்கு நடுவே ஒற்றைக் கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நம் பக்கத்தில் பென்சில் தேய்வது இந்த இரட்டைக் கோட்டுக்குத்தான்.

நான் முதலில் சறுக்கியதும் இங்கேதான். ஒரு பையனின் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு ஒரு வட்டம், அப்பா பக்கத்து அத்தைக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு வாசித்துக் காட்டினேன். திண்ணையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த கிழவி முறத்தை நிறுத்தினார். “இரண்டுமே நான்தான் தாயி.” அவர் மகளை அவருடைய தம்பியே கட்டியிருந்தார். இப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு, குறிப்பிட்ட ஒரு மரபணு ஒரே மூதாதையிடமிருந்து இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு 8-இல் 1. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16-இல் 1. ஒருத்தியை இருவராக வரைந்தால் இந்தக் கணக்கே மறைந்துபோகும்.

“குடும்பத்தில் நோய் உண்டா?” என்று கேட்காதீர்கள், “ஒன்றும் இல்லை” என்ற பதில் தயாராக இருக்கும். எத்தனை பேறு, எத்தனை தங்கியது என்று வயதான பெண்களிடம் கேளுங்கள். “வெளுத்து, வயிறு உப்பி, இரண்டு வயதில் போய்விட்டது” என்று வந்தால் அங்கே நில்லுங்கள். மருமகளை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் என்று எத்தனை முறை சொன்னாலும் பழி அவள் தலையில்தான் விழும்.

பிறகு ரத்தம். சிவப்பணுவின் அளவான எம்.சி.வி. 80 ஃபெம்டோலிட்டருக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படலாம். இரும்புச்சத்துக் குறைவிலும் அது இறங்கும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக பீட்டா தலசீமியா சுமப்பவர். பிள்ளைக்கு அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு குழம்பும்; பெற்றோரைச் சோதியுங்கள்.

இருவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 4-இல் 1 வாய்ப்பு. “ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது” என்று கணக்குப் போடுவார்கள், அப்படி இல்லை. கருவைச் சோதிக்க 10-ஆம் வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசு எடுப்பார்கள். அதற்குள் பெற்றோரிடம் உள்ள மரபணு மாற்றம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் அவர்களுடைய மரபணுச் சோதனையைக் கரு தங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நாள் தள்ளிப்போன வாரமே, தாளோடு, வரச் சொல்லுங்கள்.