கேம்பர் டிரெய்லரில் லித்தியம் பேட்டரி பொருத்துவது எப்படி?

கோலாலம்பூரிலிருந்து ஜண்டா பாய்க், உலு லங்காட், கேமரன் மலை என்று சிறிய டிரெய்லரை இழுத்துச் சென்று, மின் இணைப்பே இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு முதலில் காலை வாருவது பெரும்பாலும் பேட்டரிதான். ஈய-அமில பேட்டரியின் மேல் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தாலும், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், நாம் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது ஏறக்குறைய 50 மட்டுமே. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாறுவது இதற்கு நல்ல தீர்வு. ஆனால் சார்ஜர், வயர், ஃபியூஸ் ஆகிய மூன்றையும் சரிபார்க்க மனமில்லாதவர் பேட்டரியை மட்டும் மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைக்குப் போகும் முன் தேவையைக் கணக்கிட வேண்டும். 45 வாட் கம்ப்ரஸர் குளிர்பெட்டி நம் ஊர் வெப்பத்தில் நாளின் பாதி நேரம் ஓடும் என்று கொண்டால் 540 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட்டில் அது 45 ஆம்பியர்-மணி. இரவு முழுவதும் சுழலும் மின்விசிறி, விளக்குகள், கைப்பேசிகள் ஆகியவற்றுக்கு இன்னும் 30 சேர்த்தால் நாளொன்றுக்கு 75, இரண்டு நாளுக்கு 150. லித்தியத்தில் 80 விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம் என்பதால், இந்த அளவு செலவழிக்கும் குடும்பத்துக்கு 200 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும்.

200 வாட் சோலார் பலகை, நான்கு மணி நேர நல்ல வெயிலில், இழப்புகள் போக 560 வாட்-மணி தரக்கூடும். ஆனால் நாம் முகாமிடுவது ஆற்றோரத்து மரநிழலில். கூரையில் பதித்த பலகையும் அதே நிழலில்தான் கிடக்கும். ஆகவே, நீண்ட வயருடன் வெயில் விழும் இடத்துக்கு எடுத்துச் சென்று வைக்கும் மடிப்புப் பலகையையே நான் பரிந்துரைப்பேன்.

மழைக்காலத்தில் கைகொடுப்பது இழுத்துச் செல்லும் காரே. லித்தியம் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு என்பதால், அதைக் காரின் ஆல்டர்னேட்டருடன் (இன்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) நேராக இணைத்தால் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். இடையில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு ஏற்றபடி தரும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம் தேவை. 20 ஆம்பியர் சார்ஜர் ஒன்று இருந்தால், கேமரன் மலைக்குப் போகும் மூன்று மணி நேரப் பயணத்திலேயே 60 ஆம்பியர்-மணி ஏறிவிடும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பழைய சார்ஜரில் லித்தியம் அமைப்பு இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். குறிப்பாக, ஈய-அமில பேட்டரிக்காக மின்னழுத்தத்தை 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் சமன்படுத்தும் முறை இயங்கவே கூடாது.

அடுத்து வயரிங், அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் 12 வோல்ட் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 90 முதல் 100 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை இயன்றவரை குட்டையாகப் போட்டு, பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் வயரின் தாங்குதிறனுக்கேற்ற கிளாஸ்-டி (Class T) ஃபியூஸைப் பொருத்த வேண்டும். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரே வீச்சில் தள்ளும்; சாதாரண ஃபியூஸால் அதைத் துண்டிக்க இயலாமல் போகலாம். வயர் முனையில் மாட்டும் செம்பு லக்கை (துளையுள்ள இணைப்பு முனை) சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள். இம்மியும் நகரக் கூடாது. கருவி இல்லாதவர்கள் ஜாலான் பாசார் பக்கத்து மின்பொருள் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

பழையதைக் கழற்றும்போது எல்லாச் சுமைகளையும் அணைத்து, சோலார் பலகையை முதலில் துண்டித்து, அதன்பின் பேட்டரியின் எதிர்முனையையும் கடைசியாக நேர்முனையையும் விடுவியுங்கள். பொருத்தும்போது வரிசை தலைகீழாகும். எதிர்முனையில், உள்ளே வந்து வெளியே போகும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் ஷண்ட் வகை அளவி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். லித்தியத்தின் மின்னழுத்தம் நெடுநேரம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்து மீதியை அறிய முடியாது.

பல பேட்டரிகளுக்கு, சார்ஜ் ஏற்றும்போது வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். நண்பகல் வெயிலில் நிற்கும் டிரெய்லரின் மூடிய இரும்புப் பெட்டி அதை எளிதில் எட்டிவிடும் என்பதால், காற்றோட்டமுள்ள உட்புற இடமே உகந்தது. இடம் மாறும்போது எடையும் மாறுகிறது: இழுவைத் தண்டின் மேல் இருந்த 30 கிலோ ஈய பேட்டரியை எடுத்துவிட்டால் முன்பக்கம் இலேசாகி, காராக் நெடுஞ்சாலையின் இறக்கத்தில் டிரெய்லர் ஆடக்கூடும். கொக்கியின் மேல் விழும் எடை மொத்தத்தில் 10 விழுக்காட்டையொட்டி இருக்குமாறு தண்ணீர்த்தொட்டியையும் சாமான்களையும் முன்னால் நகர்த்தி வையுங்கள்.

காட்டுக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே இரண்டு இரவு வெளி மின்சாரமின்றி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். இன்வெர்ட்டரில் முழுச்சுமை பத்து நிமிடம் ஓடிய பின், பேட்டரி முனைகளிலும் இன்வெர்ட்டர் முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். வேறுபாடு அரை வோல்ட்டை நெருங்கினாலோ, சுமையை அணைத்ததும் தொட்டுப் பார்க்கையில் ஏதேனும் ஓர் இணைப்பு சுட்டாலோ, அந்த லக்கைக் கழற்றி மறுபடியும் அழுத்திப் பொருத்திய பிறகே புறப்படுங்கள்.